நாலா மடிச்ச துண்டு

சார், தப்பா நினைக்காதீங்க. நீங்க போன்ல பேசுனது காதுல விழுந்துச்சு. ஒட்டுக்கேக்கலை, ரெண்டு பேர் சீட்டுல மூணு பேரை உக்கார வச்சா காதுல விழாம எங்க போகும். "நகையை ஹோட்டல் ரூம் லாக்கர்ல வச்சுட்டு மண்டபத்துக்குப் போயிரலாம்"னு சொன்னீங்கள்ல. வைக்காதீங்க. நான் யாரு இதைச் சொல்றதுக்குன்னு நினைப்பீங்க. வைக்காதீங்க, அவ்வளவுதான்.

நான் திருமங்கலம். பீரோ கடை வச்சிருக்கேன், முப்பத்தோரு வருசமா. எங்க பக்கத்துல பொண்ணு கட்டிக்கொடுக்கிற வீட்டுல பாதி வீட்டுக்கு நம்ம பீரோதான் போயிருக்கும். சாவி வளையுமா, கைப்பிடி எத்தனை வருசம் தாங்கும், தகடு என்ன கனம், தட்டிப் பாத்தே சொல்லிருவேன். பூட்டைப் பத்தி எனக்கு ஒருத்தன் வந்து சொல்லித்தர வேண்டியதில்ல. அப்பேர்ப்பட்ட நான் மிக்ஸி பெட்டி அளவுல இருந்த ஒரு டப்பாவை நம்பி நாசமாப் போனேன்.

ஹோட்டல் திருச்சியிலதான். பேரு சொல்ல மாட்டேன், கேஸ் நடக்குது, வக்கீல் சொல்லக்கூடாதுன்னிருக்காரு. இன்னிக்கும் அதுக்குத்தான் போறோம். நாலு வருசம் ஆகுது சார். வாய்தா வாங்கி வாங்கி இந்த ரோட்டுல எந்த ஊர்ல எந்த டீக்கடையில பால் நல்லாருக்கும்னு எனக்கு மனப்பாடம். துவரங்குறிச்சியில வண்டி நின்னா இறங்கிக் குடிங்க.

என் தங்கச்சி ஜெயக்கொடியை உறையூர்ல கட்டிக்கொடுத்திருக்கு. கூடப்பிறந்தது அவ ஒருத்திதான். அப்பா போனப்ப அவளுக்குப் பதினோரு வயசு. நான்தான் அண்ணன், நான்தான் அப்பா. அவ கல்யாணத்தை ஊரே பேசுற மாதிரி செஞ்சேன். செஞ்சேன்னா, எங்க வீட்டுல இருக்கே, மாரிக்கனி, அவ கையில கழுத்துல கிடந்ததைக் கழட்டித்தான் செஞ்சேன். எங்களுக்குக் கல்யாணம் ஆகி ஒரு வருசம்கூட முடியல அப்ப. வளையல் எட்டு, ஒரு நெக்லஸ், தோடு, ஜிமிக்கி. கேட்டேன், கழட்டி மேசை மேல வச்சா. அப்படி ஒரு குணம். இந்தக் காலத்துல யாரு தருவா.

அதோ முன்னாடி, லேடீஸ் சீட்டுல, பச்சைச் சேலை. அவதான். மடியில பையை வச்சுக்கிட்டு உக்காந்திருக்கால்ல. மாட்டுத்தாவணியில ஏறுறப்ப கண்டக்டர் "மேல வைங்கம்மா"ன்னாரு, வைக்கல. நான் கேட்டேன், கொடுக்கல. இந்த லாக்கர் சமாச்சாரத்துக்குப் பிறகு அவளுக்கும் யாரு மேலயும் நம்பிக்கை இல்லாமப் போச்சு.

சரி, விசயத்துக்கு வரேன். தங்கச்சி மகளுக்குக் கல்யாணம். நிவேதா. தாய்மாமன் சீர்னா எங்கள்ல சாதாரணமில்ல. மாமன் மேளத்தோட தட்டு எடுத்துட்டு வந்து, சபையில எல்லாரும் பாக்க முதல் நகையை மாமன் கையால போட்டாத்தான் பொண்ணை மணவறைக்குக் கூட்டிட்டுப் போவாங்க. அதுவரைக்கும் பொண்ணு வெறுங்கழுத்தோட நிக்கும். எத்தனை மணி ஆனாலும் நிக்கணும்.

என்ன நகை போடுறதுன்னு யோசிச்சேன். ஜெயக்கொடி போன்ல கேட்டா. "அண்ணே, அண்ணிகிட்ட ஒரு காசுமாலை இருக்குல்ல, அதைப் போட்டா சபையில நிறைவா இருக்கும்"னா. மாரிக்கனியோட அம்மா போட்டது அது. பழைய காசு, லட்சுமி உருவம் தேயாம இருக்கும். எங்களுக்கு ஒரே மக, தேன்மொழி, சென்னையில நர்ஸு வேலை பாக்குது. அதுக்குன்னு மாரிக்கனி எடுத்து வச்சிருந்தா. தேன்மொழிக்கு இன்னும் அமையலையே, அமையிறப்ப வேற பாத்துக்கலாம்னேன். மாரிக்கனி ஒண்ணும் சொல்லல. ஒண்ணும் சொல்லலைன்னா சரின்னுதான சார் அர்த்தம். முப்பது வருசமா நான் அப்படித்தான் எடுத்துக்கிட்டிருக்கேன். ஒரு தடவைகூட தப்பாப் போனதில்ல.

நகையைப் பாலிஷ் போட்டு, பதக்கத்துக்குச் சிவப்புக் கல்லு வச்சு, பெட்டியில வச்சு வீட்டுச் சாமி முன்னாடி வச்சோம். மஞ்சத்துணி சுத்தி முடிச்சுப் போட்டது மாரிக்கனி. ஒருக்கா முடிஞ்சுட்டா அப்புறம் சபையிலதான் அவுக்கணும், நடுவுல அவுத்தா பொண்ணுக்கு ஆகாதும்பாங்க எங்கள்ல. நான் அதையெல்லாம் பாக்கிறவன்.

கல்யாணத்துக்கு முதநாள் மத்தியானமே திருச்சி வந்துட்டோம். மாப்பிள்ளை, அதான் தங்கச்சி வீட்டுக்காரர், ரூம் போட்டிருந்தாரு. ஏசி ரூம். அலமாரியைத் தொறந்தா உள்ள அந்த லாக்கர் டப்பா. பட்டன் வச்சது, பச்சை லைட்டு எரியுது. நான் விடுவனா, அசைச்சுப் பாத்தேன். அசையல, பின்னாடி ரெண்டு போல்ட்டு போட்டிருந்தான். தட்டிப் பாத்தேன், தகடு பரவாயில்ல. நாலு நம்பர் நாமளே போட்டுக்கணுமாம். நகைப் பெட்டியை உள்ள வச்சு, ஜெயக்கொடி கல்யாணத் தேதியைப் போட்டுப் பூட்டுனேன். வேற எந்தத் தேதியும் எனக்கு ஞாபகத்துல நிக்கிறதில்ல. எங்க கல்யாணத் தேதியே மாரிக்கனிதான் சொல்லணும். நான் நம்பரை அமுக்குறப்ப ரூம்ல வேற யாரும் இல்ல, மாரிக்கனி மட்டும் பக்கத்துல நின்னு துண்டை மடிச்சுக்கிட்டிருந்தா. அவளுக்கு எதை எடுத்தாலும் மடிக்கணும். கர்ச்சீப்பா இருந்தாலும் நாலா மடிச்சுத்தான் வைப்பா.

சாயங்காலம் மண்டபத்துல பொண்ணு அழைப்பு. மாரிக்கனி தலை வலிக்குதுன்னா. "நீங்க போயிட்டு வாங்க, நான் கொஞ்சம் படுக்கிறேன்"னா. சரின்னு நான் மட்டும் போனேன். திரும்பி வந்து, "யாரும் வந்தாங்களா"ன்னு கேட்டேன். "துண்டு மாத்த ஒரு பொம்பள வந்துச்சு"ன்னா. நானும் அதைப் பெருசா எடுத்துக்கல. அங்கதான் சார் கோட்டை விட்டேன்.

காலையில குளிச்சு, வேட்டி கட்டி, நம்பரைப் போட்டேன், தொறந்துச்சு. நகைப் பெட்டி வச்ச இடத்துலேயே இருக்கு. மஞ்சத்துணி அப்படியே இருக்கு. முடிச்சும் மாரிக்கனி போட்ட அதே முடிச்சு. கையில தூக்குனா கனம் சரியாத்தான் இருந்துச்சு. தட்டுல வச்சு, மேளத்தோட, தெருவுல நூறு பேரு பின்னாடி வர, நடந்து போனேன்.

சபையில உக்காந்து முடிச்சை அவுத்து, பெட்டியைத் தொறந்தேன். உள்ள வெள்ளைத் துண்டு. ஹோட்டல் துண்டு, முகம் துடைக்கிறது. நாலா மடிச்சு, நடுவுல குளியல் சோப்பு ரெண்டு, கனத்துக்கு. நகை இல்ல.

நிவேதா எனக்கு முன்னாடி குனிஞ்சு நிக்கிது, கழுத்தைக் காட்டிக்கிட்டு. மேளக்காரனுக்கு என்னன்னு தெரியல, அவன் பாட்டுக்குக் கொட்டுறான். பிள்ளை நிமிந்து பாத்துச்சு என்னைய. அந்த முகத்தை நான் சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன் சார்.

இப்பச் சொல்லுங்க. துண்டு மாத்த வந்தவ, துண்டை வச்சுட்டு நகையை எடுத்துட்டுப் போயிருக்கா. இதைவிட என்ன சாட்சி வேணும். என்னா கைகாரி பாருங்க, முடிச்சைக்கூட அச்சு அசலா மாரிக்கனி போடுற மாதிரியே போட்டிருக்கா.

அவ பேரு பிலோமினா. நாப்பது வயசு இருக்கும், ஒல்லியா, ஒரு பல்லு இருக்காது. மண்டபத்துல இருந்து நான் நேரா போலீஸ் ஸ்டேஷனுக்குப் போயிட்டேன், அவளைக் கூட்டிட்டு வந்து ஒருநாள் பூராம் விசாரிச்சாங்க. அழுதுக்கிட்டே ஒரே பதில்தான். "ஐயா, நான் போனப்ப அம்மா முழிச்சுத்தான் உக்காந்திருந்தாங்க, துண்டைக் கையில வாங்கிக்கிட்டாங்க, நான் வாசலோட வந்துட்டேன்." எல்லாத் திருடியும் இப்படித்தான் சொல்லுவா. மாரிக்கனி கால்ல வந்து விழுந்துச்சு. மாரிக்கனி என்ன செஞ்சா தெரியுமா, தூக்கி நிப்பாட்டி, தன் முந்தானையால அது முகத்தைத் துடைச்சு விட்டா. எனக்கு வந்த கோவம் கொஞ்சநஞ்சமில்ல. வயிறு எரிஞ்சு நிக்கிறோம், நீ திருடி முகத்தைத் துடைக்கிறியான்னு கத்துனேன். அவ துடைக்கிறதை நிறுத்தல.

ஸ்டேஷன்ல எங்க பையையும் ஒருக்காப் பாத்துரணும்னாங்க. நான் விடுவனா. என் பொண்டாட்டி பையில எவனாவது கை வச்சா நடக்கிறதே வேறன்னுட்டேன். அப்படியே விட்டுட்டாங்க.

இதெல்லாம்கூட போகட்டும் சார். நகை போனா போச்சு. என்னால தாங்க முடியாதது வேற. அன்னிக்கு மண்டபத்துலேயே, முகூர்த்தத்துக்கு முன்னாடி டிபன் பந்தி நடக்கிறப்ப, ஜெயக்கொடி என் முன்னால வந்து நின்னா. கண்ணு ரெண்டும் சிவந்திருந்துச்சு. "அண்ணே, யாரையும் தேட வேண்டாம். அண்ணிக்குக் கொடுக்க மனசில்ல, அவுகதான் எடுத்திருப்பாக"ன்னா.

என் தங்கச்சி சார். நான் தூக்கி வளத்தது. கையை ஓங்கிட்டேன். அடிக்கல, ஓங்குனேன். அது போதுமே. "என் பொண்டாட்டியைத் திருடின்னு சொன்ன உன் வாசப்படியை இனிமே நான் மிதிச்சா நான் அப்பனுக்குப் பிறக்கல"ன்னு சொல்லிட்டு, மாரிக்கனி கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்துட்டேன். தாலி கட்டுனதைக்கூட பாக்கல. நிவேதாவுக்குக் குழந்தை பிறந்திருக்காம். பையனாம். பேரு என்னன்னு எனக்குத் தெரியாது.

அன்னிக்கு முடிவு பண்ணுனேன். கோர்ட்டுக்குப் போய், அந்த ஹோட்டல்தான் பொறுப்பு, அந்தப் பொம்பளதான் எடுத்தான்னு தீர்ப்பு வாங்கி, அந்தப் பேப்பரை எடுத்துக்கிட்டு நேரா உறையூர் போவேன். வாசல்ல நின்னு, "இந்தா படி, உங்க அண்ணி திருடியான்னு பாரு"ம்பேன். அதுக்குத்தான் சார் இந்த நாலு வருசமும். நஷ்ட ஈடெல்லாம் எனக்கு எதுக்கு. என் தங்கச்சி ஒரு தடவை அண்ணேன்னு கூப்பிட்டாப் போதும். அவளும் இப்பப் பிரசர், சுகர்னு படுத்துக் கிடக்காளாம். ஊர்க்காரங்க வந்து சொல்றாங்க. நான் கேட்டுக்கிட்டு நிக்கிறேன்.

வீட்டுல மாரிக்கனி ஆரம்பத்துலேயே சொன்னா, "கேஸெல்லாம் வேண்டாம்ங்க, விட்டுருங்க"ன்னு. அவ பெரிய மனசு. நான் விடுவனா. அவ பேருக்கு வந்த களங்கமில்லையா. அவளுக்காகத்தான நான் கூடப்பிறந்தவளையே அத்துட்டு நிக்கிறேன்.

ஹோட்டல்காரன் வக்கீல் ஒரு பேப்பர் கொண்டாந்தான். அந்த லாக்கருக்குள்ள எல்லாம் பதிவாகுமாம். எப்பப் பூட்டுனது, எப்பத் தொறந்தது. சாயங்காலம் ஆறு பன்னெண்டுக்கு ஒருக்கா தொறந்திருக்கு, அதுவும் நாங்க போட்ட நம்பரைப் போட்டே தொறந்திருக்கு, ஹோட்டல்காரங்க அவசரத்துக்குன்னு வச்சிருக்கிற நம்பரைப் போட்டு இல்லன்னான். நான் சொன்னேன், ஆறு பன்னெண்டுக்கு நான் மண்டபத்துல பன்னீர் தெளிச்சுக்கிட்டிருந்தேன், நூறு பேர் சாட்சின்னு. அவன் சிரிச்சுக்கிட்டே, "நீங்க மண்டபத்துல இருந்தீங்க சார், ரூம்ல யார் இருந்தா"ங்கிறான். என்ன நாக்கு பாருங்க. அந்த மெசினு அவன் வச்ச மெசினு, அது அவனுக்குத்தான பேசும். என் பீரோல்லாம் இப்படிப் பேசுமா. யாரு தொறந்தாலும் வாயைத் தொறக்காது.

அந்தப் பேப்பரைப் பாத்துட்டு என் வக்கீலே என்னைத் தனியா கூப்பிட்டு, "அண்ணாச்சி, வாபஸ் வாங்கிருவோம், உங்க நல்லதுக்குச் சொல்றேன்"ன்னாரு. அன்னிக்கே அவரை மாத்திட்டேன்.

அந்தப் பிலோமினாவை ஹோட்டல்ல வேலையை விட்டு எடுத்துட்டாங்க. வேற எந்த ஹோட்டல்லயும் சேக்கலையாம். போன வாய்தாவுக்கு வந்தப்ப பாத்தேன், கோர்ட்டுக்குப் பின்னாடி தெருவுல வீட்டு வாசல் கூட்டிக்கிட்டிருந்துச்சு. மகளைப் படிப்பை நிப்பாட்டி ஜவுளிக்கடைக்கு அனுப்பிருச்சாம். ஒவ்வொரு தடவையும் நான் வீட்டுக்குப் போனா மாரிக்கனி கேக்கிற முதல் கேள்வி, "அந்தப் பொம்பள என்ன செய்யுது"ங்கிறதுதான். போன தடவை இதைச் சொன்னேன். ரெண்டு நாள் சோறு இறங்கல அவளுக்கு. எடுத்தவளுக்கே இரக்கப்படுறா பாருங்க. இந்தச் சுபாவம் உள்ளவளைப் போய் என் தங்கச்சி அப்படிச் சொல்லலாமா. நீங்களே சொல்லுங்க.

நீங்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டீங்க.

சரி, பரவாயில்ல. இப்ப என்ன ஆச்சுன்னா, ஹோட்டல்காரன் வக்கீல் மாரிக்கனியையும் விசாரிக்கணும்னு எழுதிக் கொடுத்துட்டான். கோர்ட்டும் சரின்னுருச்சு. ரெண்டு வாரம் முன்னாடி நோட்டீஸ் வந்துச்சு. போஸ்ட்மேன்கிட்ட அவளே கையெழுத்துப் போட்டு வாங்கி, படிச்சு, மடிச்சு, சாமி படத்துக்குப் பின்னாடி வச்சா. நான் சொன்னேன், உனக்கு இஷ்டம் இல்லன்னா உடம்பு சரியில்லன்னு எழுதிக் கொடுத்துரலாம்னு. "இல்ல, வரேன்"னா.

புது வக்கீலு என்ன சொல்லணும்னு எழுதியே கொடுத்துட்டாரு. ரெண்டே வரி. "நான் தலைவலியில தூங்கிட்டேன். எனக்கு எதுவும் தெரியாது." நேத்து சாயங்காலம் உக்கார வச்சு, எங்க சொல்லு பாப்போம்னேன். "தூங்கலையே"ன்னா. அட, தூங்குனேன்னு சொல்லு, என்ன குறைஞ்சு போகும்னேன். என் முகத்தையே பாத்தா. "கூப்பிட்டிருக்காங்க, வரேன். கேட்டா, நடந்ததைச் சொல்வேன்"னா. பொய் சொல்லத் தெரியாது சார் அவளுக்கு. கல்யாணம் ஆன நாள்ல இருந்து என்கிட்ட ஒரு பொய் சொன்னதில்ல. நான் கேட்டதுக்கெல்லாம் உள்ளதைத்தான் சொல்லியிருக்கா.

நான்தான் ஒண்ணைக் கேட்டதில்ல.

இல்ல, ஒண்ணுமில்ல. பேச்சுவாக்குல வந்துருச்சு. காலையில இட்லிகூட இறங்கல. நாலு வருசமா நாள் எண்ணிக்கிட்டிருந்தவன், இன்னிக்கு வண்டி பஞ்சராகி நின்னாத் தேவலைன்னு தோணுது. விராலிமலை தாண்டியாச்சு, இனிமே எங்க நிக்கப் போகுது.

நல்லதுதான் நடக்கும்னு சொல்றீங்களா. சொல்ல மாட்டீங்க. யாரும் சொல்ல மாட்டேங்கிறாங்க.

அதோ, ஸ்டாண்டுக்குள்ள திரும்புறான். எல்லாரும் எந்திரிச்சுட்டாங்க பாருங்க, வண்டி நிக்கிறதுக்கு முன்னாடியே. ஏ மாரிக்கனி, கூட்டத்துல தடுக்கிரும், பையை இப்படிக் கொடு. ஏய், உன்னைத்தான்.

அவ சொன்னதைக் கேட்டீங்களா சார்? "இருக்கட்டும்ங்க, கோர்ட்ல வந்து கொடுக்கிறேன்"ங்கிறா. ஏதாவது கேஸ் பேப்பரா இருக்கும்.

கேஸ் பேப்பர் பூராம் என்கிட்டதான் இருக்கு. இந்தா, இந்த மஞ்சப்பையில. நோட்டீஸுகூட நான்தான் எடுத்து வச்சேன்.

நீங்க இறங்குங்க சார். உங்களுக்கு முகூர்த்தத்துக்கு நேரமாகும். நகையைக் கையிலேயே வச்சுக்கங்க. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல, எல்லாரும் இறங்கட்டும். நான் கொஞ்ச நேரம் உக்காந்துட்டு இறங்குறேன்.